பழச்சாடியும் ஆக்கவுரிமையும்

அரசர் புரிந்த போர்களையும் பேரரசுகள் எழுந்து வீழ்ந்தமையையும் உரைப்பதே வரலாறு என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்கருத்து இன்று மாறிவிட்டது. மக்கள் உண்டவை, உடுத்தவை, இல்லங்களிற் புழங்கிய சிறு பொருள்கள் என்பனவும் வரலாற்றாசிரியனின் ஆய்வுக்கு உரியனவாயின. அத்தகைய சிறு பொருள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. வாய்ப்புறத்திலே திருகுபுரி அமைந்த கண்ணாடிச் சாடியே அப்பொருள். அதன் மூடியைத் திருகும் கை எதுவும், அம்மூடியின்பொருட்டு ஒரு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை வழக்கொன்று சென்றதென்பதை நினைப்பதில்லை.

புதியதொன்றைக் கண்டவன் அதன் பயனை எத்துணைக் காலம் தனக்கேயென வைத்திருத்தல் தகும்? எந்நிலையில் அது பொதுமக்களின் உடைமை ஆகின்றது? இவ்விரு வினாக்களும் எல்லா நாடுகளிலும் எழுவன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பழச்சாடி வழக்கு என வழங்கும் வழக்கு இவற்றுக்கு விடை கூற முற்பட்டது. அவ்வழக்கின் தோற்றத்தையும் முடிவையும் ஆராய்தலே ஈண்டு நம் நோக்கமாகும்.

உணவு பேணும் கலை

விளைந்த காலத்தில் மிகுந்தும் ஏனைக் காலத்தில் அருகியும் கிடைப்பது உணவு. ஆதலால் அதனைக் கெடாது பேணுதல் மக்கள் யாவர்க்கும் பொதுவான கவலையாயிற்று. உலர்த்தல், உப்பிடல், புகையூட்டல், பாகிலிடல் என்னும் முறைகள் மிகத் தொன்மையானவை. நம் மூதாதையர் பனாட்டும் ஒடியலும் கருவாடும் இக்கவலையின் பயனாய்ப் பிறந்தவையே. எனினும் இம்முறைகள் யாவும் உணவின் இயல்பை மாற்றிவிடுவன. பறித்த பழத்தின் சுவையும் மென்மையும் மாறாது பல திங்கள் இருக்கச் செய்யும் வழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை எவர்க்கும் புலப்படவில்லை.

அவ்வழியைக் கண்டவர் பிரான்சு தேசத்தவரான நிக்கொலா அப்பேர் என்பவர். 1749இற் பிறந்த இவர் இனிப்புப் பண்டம் செய்யும் தொழிலினர். விஞ்ஞானக் கல்வி பெற்றவரல்லர். உணவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கம்பியாற் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தெடுத்தால் அது கெடுவதில்லை என்பதைப் பல்லாண்டுப் பயிற்சியால் அவர் அறிந்தார். பிரெஞ்சு அரசாங்கம் 1810ஆம் ஆண்டில் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அப்பரிசுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவர் தம் முறையை மறைக்காது நூலாக எழுதி வெளியிடல் வேண்டும் என்பதே அது. அவ்வாறே நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்திலே பீற்றர் டியூரன்ட் என்பார் உணவைத் தகரம் முதலிய கலங்களில் அடைத்துப் பேணும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அயல்நாட்டார் ஒருவரிடமிருந்து அம்முறை தமக்கு எட்டியதென்று அவரே கூறியுள்ளார். ஒருவர் அறிவைப் பொதுவாக்கிப் பரிசு பெற்றார். மற்றவர் அதனை உரிமையாக்கிப் பின் விற்றார். கண்டுபிடிப்புக்கு உலகம் கைம்மாறு செய்யும் இருவழிகள் ஒரே ஆண்டில் ஒரே பொருள்பற்றி எதிரெதிரே நின்றமை கருதத்தக்கது. அப்பேர் 1841இல் வறுமையில் இறந்தார் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

அப்பேரின் முறை பயன் தந்ததேயன்றி, அதன் காரணம் அக்காலத்தார்க்கு விளங்கவில்லை. போத்தலுள் இருந்த காற்று அகற்றப்பட்டமையே காரணம் என்று கே-லுசாக் போன்ற பேரறிஞரும் கருதினர். நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பன, வெப்பம் அவற்றைக் கொல்கின்றது, இறுகிய அடைப்பு புதியவை உட்புகாது தடுக்கின்றது என்னும் உண்மையைப் பாஸ்ரரின் ஆய்வுகள் 1860ஆம் ஆண்டை அடுத்த காலத்திலேயே தெளிவாக்கின. கொதித்தலும் அடைத்தலும் ஆகிய இரண்டனுள் ஒன்று பிழைப்பினும் உணவு கெடும் என்பது இதனாற் பெறப்படும். கொதித்தல் எளிது. அடைத்தலே அரிதாயிற்று.

அடைப்பு என்னும் சிக்கல்

தகரப் பேணியை ஈயப்பற்று வைத்து மூடுதற்குத் தொழிற்சாலையும் கம்மியனும் வேண்டும். இல்லத்தரசிக்கு அவை கிட்டா. கண்ணாடிப் போத்தலின் தக்கையோ நாளடைவிற் சுருங்கிக் காற்றுக்கு இடங்கொடுக்கும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இல்லங்களிலே மெழுகடைப்புச் சாடிகள் வழக்கில் வந்தன. சாடியின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். தகர மூடியின் விளிம்பு அப்பள்ளத்தில் அமரும். அதன்மேல் உருகிய மெழுகை வார்ப்பர். மெழுகு இறுகியதும் சாடி அடைபடும். திறக்கும்போது மெழுகை உளியாற் கொத்தி எடுத்தல் வேண்டும். மெழுகுத் துணுக்குகள் பழத்துள் விழுதலும், சாடியின் வாய் உடைதலும் உண்டு. சூடான மெழுகினாற் கை சுடுதலும் அரிதன்று.

திருகு மூடி இருந்தால் இத்தொல்லை இல்லை என்பதை உணர்ந்தோர் பலர். ஆயின் கண்ணாடியில் நல்ல புரி அமைத்தல் எளிதன்று. அக்காலத்திற் சாடிகள் வாயால் ஊதியே செய்யப்பட்டன. ஊதுபவன் உருகிய கண்ணாடியை அச்சினுள் ஊதிப் பெருக்குவான். ஊதுகுழலிலிருந்து சாடியைப் பிரிக்கும் இடத்திலே வாய் ஒழுங்கற்று முறியும். அதனைப் பின்னர்ச் சாணையிற் றேய்த்துச் சமன்செய்வர். புரி விளிம்பு வரை ஓடின் தேய்க்குமிடத்திற் சிதையும். தோள் வரை இறங்கின் மூடி அங்கே செவ்வையாக அமராது. மூடி அமராத இடத்திற் காற்றுப் புகும். காற்றோடு அழிவும் புகும். இச்சிறு இடர்ப்பாட்டிலேயே பலர் முயற்சியும் தடைப்பட்டு நின்றது.

மேசனின் புரி

ஜோன் லாண்டிஸ் மேசன் என்பவர் நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லண்டில் 1832இற் பிறந்தவர். தகர வேலை செய்யும் தொழிலாளர். மூடி செய்வோன் சாடியின் குறையை நன்கறிவான் அன்றோ? புரி மேலே விளிம்பை எட்டுமுன்னரும், கீழே தோளை எட்டுமுன்னரும் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைந்துவிடல் வேண்டும் என்பதே அவர் கண்ட தீர்வு. அவ்வாறு அமைப்பின் விளிம்பைச் சாணையிடுவதாற் புரி கெடாது. மூடியின் கீழ்விளிம்பும் தோளின்மீது இடைவெளியின்றி அமரும். இத்திருத்தத்துக்காக 1858 நவம்பர் 30ஆந் திகதி 22,186 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இங்கே வேறு இரு கண்டுபிடிப்பாளரையும் மறத்தல் ஆகாது. சாடியின் தோளுக்கும் மூடிக்கும் இடையே இறப்பர் வளையம் ஒன்று வைக்கப்பட்டது. கந்தகஞ் சேர்த்துப் பதப்படுத்திய இறப்பரைச் சாள்ஸ் குட்இயர் 1844இல் ஆக்கவுரிமை பெற்று வெளியிட்டிராவிடின் அவ்வளையம் வெப்பத்தில் இளகியும் குளிரில் வெடித்தும் போயிருக்கும். குட்இயரும் வழக்குகளில் உழன்று 1860இற் கடனாளியாகவே இறந்தார். மற்றொருவர் லூயிஸ் போயிட். மேசனின் மூடி நாகத்தகட்டால் ஆயது. பழத்தின் புளிப்பு நாகத்தை அரித்து உணவின் சுவையைக் கெடுத்தது. மூடியின் உட்புறத்தே வெண்கண்ணாடித் தட்டு ஒன்றைப் பதித்து அக்குறையைப் போக்கும் முறைக்குப் போயிட் 1869இல் ஆக்கவுரிமை பெற்றார். எனவே நாம் ஒருவர் பெயரால் வழங்கும் பொருள் பலர் அறிவின் கூட்டே எனல் வேண்டும்.

சாடி அடைபடும் முறையும் எண்ணிப் பார்த்தற்குரியது. கொதிக்கும் பழச்சாற்றின் ஆவி சாடியுள் இருந்த காற்றை வெளியேற்றும். மூடியபின் சாடி குளிர, ஆவி நீராகும். உள்ளே வெறுமை தோன்றும். அப்போது வெளிக்காற்றே மூடியை இறப்பர் வளையத்தின்மீது அழுத்தி இறுக்கும். மனிதன் கை தொடக்கிவைத்ததை இயற்கை முடித்துவைக்கின்றது.

இரண்டாம் உரிமை

1858ஆம் ஆண்டு உரிமை முதலிற் பதினான்கு ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது. அக்காலச் சட்டப்படி அது மேலும் ஏழாண்டுகள் நீட்டப்பெற்று 1879இல் முடிவெய்தியது. இதற்கிடையில் 1868 சனவரி 15ஆந் திகதி மேசன் பழச்சாடிகளிற் செய்த வேறொரு திருத்தத்துக்கு விண்ணப்பித்தார். 1870 மே 10ஆந் திகதி 102,913 என்னும் இலக்கமுடைய உரிமை அதற்கு வழங்கப்பட்டது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைக் காலத்தைப் பதினேழு ஆண்டுகளாக்கியிருந்தது. ஆகவே புதிய உரிமை 1887 வரை நிலைக்கத்தக்கது.

இக்கணக்கிலேயே வழக்கின் உயிர்நிலை உளது. முதலுரிமை 1879இல் முடிந்தபின் புரிச்சாடியை எவரும் செய்யலாம். இரண்டாம் உரிமை நிலைத்திருப்பின், மேலும் எட்டாண்டுகள் அத்திருத்தம் அமைந்த சாடிகளைச் செய்தற்கு உரிமையாளரின் இசைவு வேண்டியதாகும். உள்நாட்டுப் போர் முடிந்து, பழஞ் சேமித்தல் நாடெங்கும் பரவிய காலம் அது. அந்த எட்டாண்டுகளின் பெறுமதி சிறிதன்று.

மேசன் தம் உரிமைகளைத் தாமே வைத்திருக்கவில்லை. அவை பிறர் கைக்கு மாறின. 1871இல் நியூ ஜேர்சி மாநிலத்து நியூ பிரன்சுவிக்கில் நிறுவப்பட்ட கொன்சொலிடேற்றட் பழச்சாடிக் கம்பனி அவ்வுரிமைகளைக் கைக்கொண்டது. இக்கம்பனி 1870ஆம் ஆண்டு உரிமையை மீறினார் என்று ரைட் என்பார்மீது நியூ யோர்க்கிலுள்ள சுற்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அங்கே வழக்குத் தள்ளப்பட்டது. கம்பனி மேன்முறையீடு செய்ய, வழக்கு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1876ஆம் ஆண்டுத் தவணையில் அங்கே ஆராயப்பட்டது.

சட்டம் யாது கூறிற்று?

வழக்கை விளங்கிக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தின் வளர்ச்சியைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். விஞ்ஞானமும் பயன்படு கலைகளும் வளரும்பொருட்டுக் கண்டுபிடிப்பாளர்க்கு வரையறுத்த காலத்துக்குத் தனியுரிமை வழங்கலாம் என்று அந்நாட்டு அரசியலமைப்பே கூறுகின்றது. ‘வரையறுத்த காலம்’ என்பதே அதன் திறவுகோல். உரிமை ஒரு பண்டமாற்று. கண்டவன் தன் அறிவை வெளியிடுகின்றான். நாடு அவனுக்குச் சில ஆண்டுத் தனியுரிமை அளிக்கின்றது. அவ்வாண்டுகள் கழிந்தபின் அறிவு யாவர்க்கும் உரியதாகின்றது.

இப்பண்டமாற்றில் ஒரு வஞ்சனைக்கு இடமுண்டு. கண்டவன் உடனே விண்ணப்பியாது, பொருளை விற்று ஊதியம் பெற்றுக்கொண்டே பல்லாண்டு இருந்து, போட்டியாளர் தோன்றும்போது மாத்திரம் உரிமை கோரின் என்னாகும்? அவனது தனியுரிமை, வரையறுத்த காலத்துக்கு மேலும் நீளும். இவ்வினா 1829இலேயே உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் புதுமுறையொன்றை 1811இற் கண்ட இருவர், தம் இசைவோடு பதின்மூவாயிரம் அடிக் குழாய் விற்கப்பட்டபின், 1818இலேயே உரிமை பெற்றனர். அவ்வுரிமை செல்லாதென நீதியரசர் ஸ்ரோறி தீர்ப்பளித்தார். 1836ஆம் ஆண்டுச் சட்டம் இந்நெறியை எழுத்தில் வடித்தது. விண்ணப்பத்துக்கு முன் கண்டுபிடிப்பாளன் இசைவோடு விற்பனைக்கு வந்த பொருளுக்கு உரிமை இல்லை என்று அது விதித்தது. 1839ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கடுமையைத் தணித்து ஈராண்டுத் தவணை அளித்தது. அதாவது, பொருளை முதன்முதல் விற்ற நாளிலிருந்து ஈராண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

மேசனின் வாக்குமூலம்

வழக்கின் முடிவைத் தீர்மானித்தது எதிரியின் சான்றன்று, கண்டுபிடித்தவரின் வாய்மொழியே. சாடியின் இரண்டாம் திருத்தம் 1859 யூன் மாதத்திலேயே முற்றுப்பெற்றுவிட்டதென மேசன் கூறினார். அப்போதே குறைந்தது இரண்டு டசின் சாடிகள் செய்யப்பட்டன. அவற்றுட் சில விற்கப்பட்டன. எதற்காக விற்கப்பட்டன? பணம் பெறுதற்காகவும், சந்தையில் விலைபோகுமா என்று பார்த்தற்காகவும். விண்ணப்பமோ 1868 சனவரியில். இடையே கழிந்தவை எட்டாண்டும் ஏறத்தாழ ஏழு திங்களும். சட்டம் அளித்த தவணை 1861 யூனிலே தீர்ந்துவிட்டது.

உரிமையை விலைகொடுத்துப் பெற்ற கம்பனி, அவ்வுரிமையை விற்றவரின் சொல்லாலேயே அதனை இழக்க நேர்ந்தமை வழக்கின் விந்தை. இரண்டு டசின் சாடிகளில் ஒரு பகுதியே விற்கப்பட்டது. அதனாற் கிடைத்த பணமும் மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். அவ்வற்பத் தொகைக்காக ஒரு பெருந் தொழிலின் எட்டாண்டுத் தனியுரிமை கைநழுவியது.

தீர்ப்பின் நெறி

தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் நோவா ஸ்வெயின். ஆபிரகாம் லிங்கன் 1862இல் உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தவர் இவர். அவர் கண்டுபிடிப்பாளரை இழித்துரைக்கவில்லை. கண்டுபிடிப்புக்கு வழங்கிய உரிமை, நிலத்துக்கு வழங்கிய உறுதியைப் போன்றதொரு சொத்தேயாகும், இரண்டும் ஒரே அடிப்படையில் நிற்பன, ஒரே வகையாற் காக்கப்படுவன என்பது அவர் கருத்து. ஆயின் அவ்வுவமையை அவர் மறுபுறமும் திருப்பினார். தனியார் நிலத்துக்கு அப்பால் பொதுமக்களுக்குரிய பெருநிலமும் உண்டு. தனியார் நிலத்திற் பொதுமக்கள் புகலாகாதவாறே, பொதுநிலத்தில் தனியாரும் புகலாகாது என்றார். வேலிக்கு இருபுறமும் உண்டென்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேலியை ஒருவன் தன் பக்கத்தினின்று இழுத்து வைப்பின் அது அடுத்தவன் காணியிலேயே விழும். இங்கே அடுத்தவன் என்பது நாடு முழுவதும்.

இனி, விற்பனை சிறிதாயிற்றே என்னும் மறுப்புக்கு யாது விடை? சட்டம் அளவைப் பேசவில்லை, செயலையே பேசுகின்றது. நிலைமைக்கேற்ப ஒரேயொரு விற்பனையும் உரிமையைப் போக்கப் போதியதாகலாம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஒரு சாடி விற்பினும் ஆயிரஞ் சாடி விற்பினும் கண்டுபிடிப்பு முற்றுப்பெற்றுச் சந்தைக்கு வந்துவிட்டது என்பதையே அச்செயல் காட்டும்.

மற்றொரு மறுப்பும் உண்டு. அச்சாடிகள் பரிசோதனைக்காகவே விற்கப்பட்டன என்று ஏன் கொள்ளலாகாது? இங்கேதான் நுண்ணிய வேறுபாடு ஒன்று தோன்றுகின்றது. சாடி காற்றை அடைக்குமா என்று பார்த்தல் ஒன்று. சாடியை மக்கள் வாங்குவரா என்று பார்த்தல் வேறொன்று. முன்னையது கண்டுபிடிப்பைச் சோதித்தல். பின்னையது சந்தையைச் சோதித்தல். மேசன் செய்தது பின்னையதே. அன்றியும், எட்டாண்டுக்கு மேற்பட்ட வாளாவிருத்தலே, கண்டவர் தம் உரிமையைக் கைவிட்டார் என்று கருத இடந்தருவது.

இத்தீர்ப்பு ஏழைத் தொழிலாளி ஒருவர்க்கு இழைத்த கொடுமையன்றோ என ஒருவர் வினவலாம். அவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. விண்ணப்பஞ் செய்தற்குப் பொருள் வேண்டும். 1861 ஏப்ரிலில் உள்நாட்டுப் போரும் மூண்டது. எனினும் மேசன் அறியாதவரல்லர் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1858இலேயே ஒருமுறை ஆக்கவுரிமைப் பணிமனையின் வாயிலைக் கடந்து உரிமை பெற்றவர் அவர். எந்த வழியே செல்லல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மேலும், உரிமை நிலைத்திருப்பின் அதன் பயன் அப்போது அதனை வைத்திருந்த கம்பனியையே முதலிற் சேர்ந்திருக்கும். ஏழையின் பெயரால் இரங்கும் இரக்கம் இங்கே செல்வரின் பெட்டகத்துக்கே பயன்பட்டிருக்கும்.

ஒப்புநோக்கத்தக்க வழக்குகள்

சோதனை வேறு, விற்பனை வேறு என்னும் நெறி அடுத்த தவணையிலேயே மேலும் தெளிவடைந்தது. சாமுவேல் நிக்கல்சன் என்பார் மரக்கட்டைகளாற் சாலைத்தளம் அமைக்கும் முறையைக் கண்டு, 1848இற் பொஸ்ரன் நகரத்துச் சாலை ஒன்றில் எழுபத்தைந்து அடி நீளத்துக்குத் தம் செலவிலேயே அதனை அமைத்தார். ஆறாண்டுகள் வண்டிகளும் குதிரைகளும் அதன்மீது சென்றன. உரிமை பெற்றது 1854இல். அவரது உரிமை செல்லுமென 1877ஆம் ஆண்டுத் தவணையில் நீதிமன்றம் கூறியது. ஏனெனில் அவர் நாள்தோறும் என்னுமாறு அங்கு வந்து, நடந்து பார்த்து, கைத்தடியாற் றட்டிப் பார்த்து, தளத்தின் தேய்வை ஆராய்ந்தார் என அச்சாலையிற் சுங்கம் வாங்கியவர் சான்று பகர்ந்தார். சாலையின் உறுதியைச் சாலையிலன்றி வேறெங்குச் சோதித்தல் கூடும்? மேசன் எட்டாண்டு தாழ்த்து உரிமையை இழந்தார். நிக்கல்சன் ஆறாண்டு தாழ்த்தும் காத்துக்கொண்டார். தாழ்த்தமைக்குரிய காரணமே வேறுபாட்டை விளைத்தது.

1881இல் வேறொரு வழக்கு எழுந்தது. மகளிர் அணியும் கச்சுக்குரிய எஃகுக் கம்பிகளை ஒருவர் ஆக்கி, தாம் பின்னர் மணந்துகொண்ட நங்கைக்கு 1855இற் கொடுத்தார், 1866இலேயே விண்ணப்பித்தார். ஆடையினுள் மறைந்து ஒருவரே அணிந்திருப்பினும் அது பொதுவழக்கே என நீதிமன்றம் கொண்டது. பழச்சாடி வழக்கின் நெறி அங்கே மேலும் கடுமையாகப் பயன்பட்டது எனலாம். அத்தீர்ப்பை ஏற்காத நீதியரசர் மில்லர் மாறுபட்டு எழுதினார் என்பதும் அறியத்தக்கது.

இந்நெறி இன்றும் மறையவில்லை. ஈராண்டுத் தவணை 1939இல் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. கணினிச் சில்லுகளைப் பொருத்தும் கொளுவி ஒன்றை ஆக்கியவர் 1981 ஏப்ரில் 8ஆந் திகதி 30,100 கொளுவிகளுக்கு எழுத்துமூலக் கட்டளை பெற்று, 1982 ஏப்ரில் 19ஆந் திகதி விண்ணப்பித்தார். ஓராண்டுக்குமேற் பதினொரு நாள் கடந்துவிட்டது. கட்டளை பெற்றபோது கொளுவி வரைபடத்திலேயே இருந்தது. எனினும் அதனைச் செய்தற்குரிய விவரங்கள் யாவும் முற்றுப்பெற்றிருந்தன. 1998இல் உயர் நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாதாக்கியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பல மாற்றங்களைச் செய்தது. எனினும் மறைவில் நடந்த விற்பனையும் விற்பனையே என 2019இல் அந்நீதிமன்றம் மீண்டும் கூறிற்று. நூற்றைம்பதாண்டுக்கு முன் இரண்டு டசின் சாடிகளால் எழுந்த வினா, மருந்துக்கும் மின்கருவிக்கும் இன்றும் விடை கூறிக்கொண்டிருக்கின்றது.

பொதுவுடைமையான சாடி

1879இல் முதலுரிமை முடிந்தது. இரண்டாம் உரிமை முன்னரே வீழ்ந்துவிட்டது. கண்ணாடித் தொழிற்சாலைகள் பலவும் மேசன் சாடியைச் செய்யத் தொடங்கின. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது போல் சகோதரர் ஐவரின் நிறுவனம். பபலோ நகரிலே 1884இற் கண்ணாடிச் சாடி செய்யத் தொடங்கிய இவர்கள், இயற்கை வாயு மலிந்த இந்தியானா மாநிலத்து மன்சிக்குச் சில ஆண்டுகளில் தம் தொழிற்சாலையை மாற்றினர். அத்தொழிலால் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, 1917இல் விற்பனைக்கு வந்த கல்விக்கழகம் ஒன்றின் நிலத்தையும் கட்டிடங்களையும் விலைக்கு வாங்கி மாநிலத்துக்கு வழங்கினர். அதுவே வளர்ந்து 1965 முதல் போல் மாநிலப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. பொதுவுடைமையான புரிமூடி ஈற்றிலே ஒரு கலைக்கூடத்தையும் தாங்கிற்று.

உரிமை முடிந்து நெடுங்காலஞ் சென்ற பின்னரும், யார் செய்த சாடியாயினும் அதன் உடலில் மேசனின் ஆக்கவுரிமை, 1858 நவம்பர் 30 என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டே வந்தன. அச்சொற்கள் அப்போது எவ்வுரிமையையும் குறிக்கவில்லை. நம்பிக்கையை மாத்திரமே குறித்தன. பொறித்தோர் மேசனுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மேசன் 1902இல் நியூ யோர்க்கிலே இறந்தார். வறியவராகவே இறந்தார் என்பர். அடுத்த ஆண்டில் அலெக்சாந்தர் கெர் என்பாரின் புதிய அடைப்புச் சாடித் தொழில் தோன்றியது. ஓவன்சின் போத்தல் இயந்திரமும் அக்காலத்தில் ஊதுபவன் இடத்தைக் கவரலாயிற்று. இயந்திரம் வாயைச் செவ்வையாக வார்த்தமையாற் சாணையிடலும் ஒழிந்தது. மேசனின் பெயரோ ஒழியவில்லை.

முடிபு

இவ்வரலாற்றினின்று நாம் அறியக்கூடியவை இரண்டு. ஒன்று, கண்டுபிடிப்பு என்பது ஒருவனுக்கும் அவன் வாழும் சமுதாயத்துக்கும் இடையிலுள்ள உடன்படிக்கை. உடன்படிக்கையில் இருவர்க்கும் கடமை உண்டு. வெளியிடாத அறிவுக்கு உரிமை இல்லை. காலத்தில் வெளியிட்ட அறிவுக்கு உரிமையை மறுத்தலும் அறமன்று. பழச்சாடி வழக்கில் நீதிமன்றம் இவ்வுடன்படிக்கையின் காலவெல்லையைக் காத்தது. அதனாலேயே பிறர் தொழில் தொடங்கினர். ஏழை இல்லங்களிலும் மாரிகாலத்திற் பழம் கிடைத்தது.

மற்றது, சட்டம் செய்த நீதி வேறு, சமுதாயம் செய்யவேண்டிய நன்றி வேறு. மேசனின் 1870ஆம் ஆண்டு உரிமை செல்லாதெனக் கூறியது முறையே. ஆனால் பல்லாயிரம் இல்லங்களின் பரணிலே தம் பெயர் பொறித்த சாடிகள் அடுக்கடுக்காய் இருக்க, அவற்றைக் கண்டவர் முதுமையில் வறுமையுற்றமையை எந்தச் சட்டமும் நியாயப்படுத்தவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவுமில்லை. அப்பேருக்கு அரசு பரிசளித்தது. குட்இயருக்கு நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தது. மேசனுக்கு ஒருமுறை அளித்து மறுமுறை மறுத்தது. மூவர் முடிவும் ஏறக்குறைய ஒன்றேயாயிற்று. பிறர் உணவைக் கெடாது காத்தவரும் அதற்குத் துணைநின்றவரும் தம் பொருளைக் கெடாது காக்க வழியறியாது போயினர். கண்டுபிடிப்பாளனின் அறிவைப் பெற்றுக்கொள்ளும் நாடு அவன் முதுமையையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். இது சட்டநூல் கூறாத பாடம், வரலாறு கூறுவது.